முந்திக்கொள்கிறார்

ஜாகீர் அம்மாபாளையம் வீட்டைப் பார்க்க
யார் வந்தாலும் அப்பா முந்திக்கொள்கிறார்.
"போர் தண்ணி உப்பு, பருப்பு வேகாது.
இந்த விரிசல், வெள்ளைக்கல் சுரங்கத்துல
வெடி வச்சப்ப விட்டது. எண்பத்தேழு."

ஓதம் ஏறிய இடத்தில் அம்மா மாட்டிய
நகைக்கடைக் காலண்டரையும்
தூக்கிக் காட்டிவிடுகிறார்.

தரகர் மாதேஸ் என்னை கேட்டுக்கு வெளியே கூப்பிட்டு
"அடுத்த தடவை அய்யாவ
ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கம்மா"
என்கிறார். சிரிக்காமல்.

ஆறாவதாக வந்தவர் செருப்பைக் கழற்றவில்லை.
டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார்.
நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அகலம் நாற்பது, நீளம் அறுபது.
விரிசலிடம் அப்பா வாயெடுக்கும்முன்
"அத விடுங்க சார்,
எப்படியும் இடிக்கத்தான் போறோம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு அப்பா
அவர் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தார்:
"ஜன்னல் பூரா தேக்குங்க.
வடக்கால தொறந்தா மலைக்காத்து,
மே மாசத்துக்கே ஃபேன் வேண்டாம்.
தண்ணிகூட...
சொல்ற அளவுக்கு உப்பில்லீங்க."

அம்மா உள்ளே போய்
ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்தாள்.
அவர் காரில் பாட்டில் இருந்தது.