பதினான்கு அவுன்ஸ்

முந்நூற்று எண்பது ரிங்கிட்.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கம் வேறு விலை இருக்குமோ என்று.

மஸ்ஜித் ஜாமெக் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்,
பழைய கடைவீட்டின் மூன்றாம் மாடி.
லிஃப்ட் கிடையாது.
லிஃப்ட் பழுதுபார்ப்பவன் நான்
படியேறி, மூச்சு வாங்கி, நின்றேன்.

வேய் ஹாங் எதையும் புகழவில்லை.
ஜீன்ஸின் தொடைப்பக்கத்தை
என் காதருகே பிடித்துத் தேய்த்தான்.
அட்டைப்பெட்டிச் சத்தம்.
உள்ளே வெளியே புரட்டி
தையலை எண்ணச் சொன்னான்.
அங்குலத்துக்கு எட்டு. எண்ணினேன்.
பைக்குள் கைவிட்டேன்.
திருப்புளி குத்தினாலும் ஓட்டை விழாத பை.
"இடுப்பு இறுக்குதே" என்றேன்.
"இன்னிக்கு இறுக்கும்.
உன் இடுப்பு எதுன்னு அதுக்கு இன்னும் தெரியாது."

அதுவரை நான் போட்டதெல்லாம்
இழுத்தால் நீளும், உட்கார்ந்தால் நீளும்,
மூன்றாம் மாதம் தொடையிடுக்கில்
சொல்லாமல் விட்டுக்கொடுக்கும்.
வருஷத்துக்கு நாலு, ஒன்று தொண்ணூற்றைந்து.
கணக்கில் புவனேஸ் கெட்டி.
"நாலுக்கு ஒண்ணு. சரிதான்.
கிழியலேன்னா சரி.
கிழிஞ்சா நீ கிழிஞ்ச."

முதல் இரண்டு மாதம்
அதுதான் என்னை உடுத்திக்கொண்டது.
முழங்கால் மடங்காது.
மோட்டார் சைக்கிளில் ஏறினால்
கதவைத் தூக்கிக் குறுக்கே போட்டதுபோல.
நாலு மணி மழையில் நனைந்தால்
மறுநாள் நாலு மணி மழைவரை காயாது.
பால்கனியில் தானாக நின்றது.
இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தவன்
யாரோ நிற்கிறான் என்று அலறியிருக்கிறேன்.
மச்சினி வீட்டு வெள்ளை சோபாவில்
இரண்டு நீலத் தொடைகள் பதிந்ததைப் பற்றி
இங்கே பேச வேண்டாம்.

பிறகு வெளுக்கத் தொடங்கியது,
நான் இருந்த இடங்களில் மட்டும்.
முதலில் வலது முழங்கால்.
குழியில் இறங்கி நான் ஊன்றுவது அந்தக் கால் என்று
அதுதான் எனக்குச் சொன்னது.
பின்பையில் பர்ஸின் சதுரம்;
பர்ஸ் மெலிந்த மாதங்களிலும்
அது குறையவே இல்லை.

மூன்றாம் ஆண்டு, நவம்பர்.
ஃபெடரல் ஹைவேயில் முன்னால் போன லோரி
என்ன நினைத்ததோ, பிரேக் போட்டது.
நானும் போட்டேன்.
ரோடு போடவில்லை.
இருபதடி தூரம் இடப்பக்கமாகவே போனேன்.
முழங்கையில் தோல் இல்லை.
தொடையில்
இருந்தது.

அவசரப் பிரிவில் தாதி நோரிசான்
கத்தரியோடு வந்தாள்.
"வெட்டாதீங்க. கழட்டிடறேன்."
"கால் வேணுமா, சிலுவார் வேணுமா?"
நான் யோசித்தேன்.
நான் யோசிப்பதைப் பார்த்தவள்
கத்தரியை டிரேயில் வைத்துவிட்டு
கால்மாட்டுக்குப் போய்
இரண்டு முனையையும் பிடித்தாள்.
பல்லைக் கடித்த பத்து நிமிடம்.
பக்கத்துக் கட்டில் சீனக்கிழவர்
தன் நெஞ்சுவலியை மறந்து
எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

செள கிட்டில் சுதினியிடம் கொடுத்தேன்.
நீல நூல் தீர்ந்துவிட்டதாம்.
பள்ளிச் சீருடைப் பச்சை இருக்கிறது, பரவாயில்லையா?
அதற்கு இருபத்தாறு தையல்.
எனக்குப் பதினொன்று.
புவனேஸ் இரண்டையும் தடவிப் பார்த்தாள்.
எதற்கு எத்தனை செலவு என்று
அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.
ஐந்தாம் ஆண்டு முடிந்ததும் கேட்காமலே சொன்னாள்:
"நாளைக்கு இருபத்தொரு சென்.
சுதினி கூலி தனி."

இன்று செராஸ் அடுக்குமாடி,
பதினேழாம் மாடியில் அடம்பிடிக்கும் லிஃப்ட்.
குழியில் இறங்குகிறேன். டார்ச் வாயில்.
எண்ணெய், தண்ணீர், யாரோ தவறவிட்ட சாவி.
ஊன்ற இடம் தேடுமுன்
வலது முழங்கால்
தன் வெள்ளை வட்டத்துக்குள் போய்
உட்கார்ந்துகொண்டது.