என்கிற

விண்ணப்பத்தில் ஒன்பதாம் கேள்வி:
உமது அழைப்பை முந்நூறு சொற்களில் விவரிக்கவும்.

சிப்காட் ஷூ கம்பெனி, இரண்டாம் ஷிப்ட் முடிந்து
தையல் மேசையில் படிவத்தை விரித்தேன்.
தோல்வாடை தாளில் ஏறிக்கொண்டது.

எனக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை.
கனவில்கூட யாரும் வரவில்லை.
நடந்தது இவ்வளவுதான்:
கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய ஓபேத்
ஏறி வரவில்லை.
அடக்கத்தன்று ஆயர்
பேராயத் தேர்தலுக்கு வேலூர் போயிருந்தார்.
குழி தயார். அவன் அம்மா
பிடி மண்ணோடு நின்றுகொண்டே இருந்தாள்.
யாராவது வாயைத் திறக்க வேண்டியிருந்தது.
திறந்தேன்.
என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

எழுதி எண்ணினால் நாற்பது சொற்கள் தேறின.
மீதிக்கு எங்கே போவேன்.

இணைக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல்.
ஞானஸ்நானச் சான்றில் நான் பிரிசில்லா.
பள்ளி மாற்றுச் சான்றில் குணசுந்தரி.
சாதிச் சான்றில் குணசுந்தரிக்குப் பக்கத்தில்
இந்து என்று எழுதி
தாசில்தாரின் பச்சை மை.
இரும்புப் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக
இத்தனை வருஷம் சண்டையில்லாமல் படுத்திருந்தன மூன்றும்.

அண்ணன் தட்சிணாமூர்த்தி
வாலாஜா தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர்.
கோயிலில் அவன் தீத்து.
மூன்றாம் பெஞ்சு, தூணுக்குப் பின்னால்,
எந்தக் கல்யாண போட்டோவிலும் விழாத இடம்.
"நீ அங்கி போட்டா
எவனாவது பெட்டிஷன் போடுவான்" என்றான்
சோற்றைப் பிசைந்தபடி.
ரசம் ஊற்றினேன்.
போதும் என்று கைகாட்டினான்.
எதைப் போதும் என்றான் என்று கேட்கவில்லை.

காட்பாடி தாண்டி, மலையடிவாரத்தில் இறையியல் கல்லூரி.
எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்.
"பாதிப் பேர் இப்படித்தான் வர்றாங்க.
நடுவுல ஒரு என்கிற போடும்மா."

குணசுந்தரி என்கிற பிரிசில்லா.

நாலெழுத்துப் பாலம்.
எங்கள் தெரு முழுக்க அதன்மேல்தான் நடக்கிறது,
கீழே பாலாறு, வெறும் மணல்.

நேர்காணலில் ஒருவர் சிரித்தபடி:
ஆண்டவர் உன்னை எந்தப் பேரில் அழைத்தார்?
"குழிமேட்டில் யாரும் பேர் கேக்கலைங்க ஐயா."
சிரிப்பு நின்றது.
இடம் கிடைத்தது.

வருகைப் பதிவில் பிரிசில்லா என்றால்
பக்கத்தில் இருக்கும் ஜெபக்கனி முழங்கையால் இடிக்க வேண்டும்.
பிரசங்கப் பயிற்சிக்குப் பன்னிரண்டு நிமிடம், பிறகு மணி.
பேசப் பேச, மேடைக்கு அடியில்
என் வலது கால் மிதிக்கிறதாம்.
"என்னம்மா தைக்கிறீங்க?" என்றார் பேராசிரியர்.

எபிரேயம் வலமிருந்து இடம்.
அது பரவாயில்லை:
கடைசித் தையலைப் பூட்ட
பின்னோக்கி ஓட்டிய கைதானே.
ஆனால் அந்த மொழியில் அன்று
மெய்யை மட்டும் எழுதினார்களாம்.
உயிரை வாசிக்கிறவர் போட்டுக்கொள்ள வேண்டும்.
எல்லோரும் குறிப்பெடுத்தார்கள்.
மின்விசிறி வெயிலைக் கிளறிக்கொண்டிருந்தது.
நான் பேனாவை மூடி வைத்தேன்.
(முதல் தேர்வில் ஐம்பதுக்குப் பதினெட்டு.)

புரட்டாசி மழை ஒன்று பெய்து ஓய்ந்த சனிக்கிழமை
காவலாளி ஒரு பொட்டலத்தை நீட்டினார்.
"நேத்து ஒருத்தர் வந்தார்.
குணசுந்தரின்னு கேட்டார்.
அப்படி யாரும் இல்லன்னு சொல்லிட்டேன்.
ரொம்ப நேரம் கேட்டுக்கு வெளியவே நின்னார்.
ஷூ கம்பெனியிலேருந்து வந்த பொண்ணுக்குன்னு
கொடுத்துட்டுப் போனார்."

ஆற்காடு மக்கன் பேடா. பாகு கசிந்து
எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது.
மேலே பேர் இல்லை.
தங்கச்சிக்கு என்றுகூட இல்லை.
தாலுகா ஆபீஸ் கோப்புக் கட்டும் சிவப்பு நாடா,
அவன் மட்டும் போடுகிற
இரட்டை முடிச்சு.

ஓர் எழுத்தும் இல்லாததை
முதல்முறையாகத் தடுமாறாமல் வாசித்தேன்.
ஜெபக்கனிக்கு இரண்டு கொடுத்தேன்.
நாடாவைச் சுருட்டி
இலக்கண நோட்டில் வைத்திருக்கிறேன்.