டபிள்யூ, ஆர்

கிரிம்ஸ்பி. ஜனவரி. மீன்துறைச் சாலையில் பாளம் பாளமாய்ப் பனி.
வழுக்கியபோது வலக்கையை ஊன்றினாள்
தெர்சா பிளோ, அச்சகத்தில் பிழை திருத்துபவள்.
ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார் டாக்டர்.
ரிஸ்ட் போயிற்று என்றார். மணிக்கட்டு.

அந்த ரிஸ்டை ஆங்கிலத்தில் எழுதினால்
ஆருக்கு முன்னால் ஒரு டபிள்யூ நிற்கும்.
யாரும் அதை உச்சரிப்பதில்லை.
நம் ரகரமும் தனியே வாசலுக்கு வரக் கூசும்;
இகரத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு
இரவி என்றும் இரத்தம் என்றும் வரும்.
இதுவும் அப்படியொரு துணை என்றுதான் நினைத்தேன்.
இல்லையாம். ஒருகாலத்தில் வாய்விட்டுப் பேசிய எழுத்து அது.
உதட்டைக் குவித்து, உடனே நாக்கை மடித்து,
சொல் தொடங்கும்போதே வாய் ஒரு திருகு திருகும்.

வேலையில்லாத தெர்சா
அகராதியின் கடைசித் தொகுதியை
மீன்பெட்டி வண்டியில் வரவழைத்தாள்.
இடக்கையால் புரட்டினாள்.
ரிஸ்ட், திரும்புமிடம்.
ரிங், ஈரத்துணியைப் பிழிவது.
ரெஸில், ஆளை ஆள் முறுக்கிச் சாய்ப்பது.
ரீத், சவப்பெட்டிமேல் வைக்கும் வளையம்;
முதலில் அது வெறும் முறுக்கிய கொடி.
ஒரே கயிற்றின் புரிகள் எல்லாம்.

ராங்.
விரல் அங்கே நின்றது.
தவறு என்பது பிற்பாடு வந்த பொருள்.
அதற்கு முன் கோணல்.
கோணிய மரக்கிளைக்கும் அந்தப் பெயர்,
கப்பலின் விலாக்கட்டைக்கும் அதுவே.
நேரான கட்டையை வைத்து
யாரும் கப்பலுக்கு விலா கட்டுவதில்லை.

பதினோரு வருடம் முன்பு, அப்பாவின் அடக்கத்தில்,
படகின் பங்கை விற்றுக் குடித்துவிட்டான் என்று
அண்ணன் ஆப்னரை
பெட்டி தூக்கியவர்கள் எதிரிலேயே சொன்னாள்.
ரெட்ச் என்று திட்டவும் திட்டினாள்.
அவன் முறுக்கிக்கொண்டு போனான்,
ஆஸ்திரேலியா வரைக்கும்.
அந்தப் பணம் அப்பாவின் கடனுக்குப் போனது;
மூன்றாம் வருடம் ரசீது கிடைத்தது.
எட்டு வருடமாய்த் தேயிலை டப்பாவில் இருக்கிறது.
ரெட்சையும் தேடிப் பார்த்தாள்:
இழிந்தவன்; அதற்கு முன், இரங்கத்தக்கவன்;
எல்லாவற்றுக்கும் முன்,
சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டவன்.

ரைட், எழுது. அது மட்டும் முறுக்கல்ல, கீறல்.
கல்லிலோ மரத்திலோ கூர்முனை போன வழி.
இடக்கையில் பேனாவும் கீறத்தான் செய்தது.
மை தெறித்தது. எழுத்துகள் குடித்தவன்போல் சாய்ந்தன.
அன்புள்ள ஆப்னர், நான்,
என்று தொடங்கி டபிள்யூ, ஆர் வரை வந்து
டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள்.
அதுவரை அது எதுவாகவும் ஆகலாம்:
ஒரு மூட்டு, ஒரு மலர்வளையம், பிழிந்த துணி.

மார்ச்சில் கட்டைப் பிரித்தார்கள்.
தோல் ஊறிய காகிதம் மாதிரி இருந்தது.

மே மாதம் ஃப்ரீமேண்டில் முத்திரையோடு பதில்.
பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டுக் கடலேறியவன்.
வானிலை ஒரு வரி, முதுகுவலி ஒரு வரி,
அப்புறம், நானும் ராங்.
டபிள்யூ இல்லாமல் எழுதியிருந்தான்,
காதில் விழுந்தபடியே.

முப்பது வருடப் பழக்கம்.
காதோரப் பென்சில் தானாக இறங்கி
கூரைபோல் சின்னக் குறி போட்டு
மேலே டபிள்யூவை வைத்துவிட்டது.
யார் கடிதம் என்பது அப்புறம்தான் உறைத்தது.
மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்;
தட்டியது எந்தக் கை என்று
மணிக்கட்டு சொல்லித்தான் தெரிந்தது.

ஜன்னல் படியில் ஒரு ரென்.
உள்ளங்கைக்குள் அடங்கும் பழுப்புக் குருவி,
வாலை நட்டுக்குத்தலாய் வைத்துக்கொண்டு
உடம்புக்கு மீறிய சத்தம்.
அதன் பெயரிலும் அந்த டபிள்யூ உண்டு.
அகராதியைக் கேட்டால்,
மூலம் தெரியவில்லை என்கிறது.