மூன்றாம் அச்சு

வெள்ளிக்கிழமை காலை, ரூவி.
ஹாலில் பழைய அரபி நாளிதழ் விரித்து
அதன்மேல் நான்கு பிள்ளைகள்.
வெண்டைக்காயைக் காம்புப் பக்கம் நறுக்கி வைத்திருக்கிறேன்.
உருளைக்கிழங்கில் ஒரு 'ட', ஒரு 'ப'.
கழுவிய லபன் பாட்டில் மூடிகள் எட்டு.
தட்டில் மஞ்சள், நீலம்.
சோபாவுக்கு மட்டும் போர்வை.

தொடு. தூக்கு. வை. அழுத்து. எடு.
நான் 'அழுத்து' சொல்வதற்குள் எடுத்துவிடுகிறான் யாழன்.
அவனுடைய பூக்களெல்லாம் வழுக்கி விழுந்தவை.

"அஞ்சு இதழ்" என்றேன்.
போன வாரமும் அதைத்தான் சொன்னேன்.
ஃபர்ஹானா ஒவ்வொன்றாய் விரல் வைத்து
"ஆறு" என்றாள்.
வாங்கிப் பார்த்தேன். ஆறுதான்.
பிறகு மிச்சமிருந்த வெண்டைக்காயையெல்லாம்
நறுக்கவைத்துவிட்டுத்தான் விட்டார்கள்.
அஞ்சு, அஞ்சு, ஏழு, அஞ்சு, ஆறு.
மதியக் குழம்பு அப்படிப் போனது.

மூடியை அழுத்தினால் வட்டம்.
"ஜீரோ மிஸ்" என்றாள் ஜெனிலா.
"இல்ல, அது அஞ்சு.
எங்கப்பா கார் நம்பர்ல அப்படித்தான்" என்றான் யாழன்.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
வலமிருந்து ஓடும் எழுத்துகளின்மேல் மண்டியிட்டபடி
"ரெண்டும் சரி" என்றேன்.
"அதெப்படி?"

'ட' திரும்பி விழுந்தது;
நான்தான் மறந்துபோய் நேராகச் செதுக்கியிருக்கிறேன்.
'ப' எப்படி விழுந்தாலும் 'ப'தான் என்பதில்
பரிதிக்கு ஏகப்பட்ட பெருமை.
அவன் எழுத்தாம்.

ஒருமுறை தோய்த்தால் மூன்று அச்சு வரும்.
முதலாவது சொதசொத.
இரண்டாவது பூ.
மூன்றாவது, உற்றுப் பார்த்தால் உண்டு.
பரிதி அதைத்தான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டான்.
"இது தூங்குது."

அவன் அம்மா லவீனா நர்ஸ்.
செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே
பெயர் சொல்லிக் கூப்பிடுபவள்.
இன்றும் மதிய ஷிப்ட்.
கையைக் கழுவவிடாமல் இழுத்துக்கொண்டு போனாள்.

குப்பையைப் போட்டுவிட்டு வரும்போது
லிஃப்டில் பார்த்தேன்.
மூன்றாம் மாடி பட்டன்மேல் மஞ்சள் கட்டைவிரல்,
சொட்டச் சொட்ட.
நான்கின்மேல் இன்னொன்று, ரேகை எண்ணலாம்.
நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில்
குதித்துக் குதித்து இழுத்த கீற்றுகள்.
அவர்கள் வீடு ஐந்தில்.
மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.
இருக்கிறது.

மூன்றில் ஒருமுறை, நான்கில் ஒருமுறை
கதவு திறந்து மூடியிருக்கும்.
லவீனா பையைத் தோளில் மாட்டியபடி
நின்றிருக்கிறாள்.

ஈரத்துணி கையிலேயே இருந்தது.
அதை மடித்துக்கொண்டு
முழங்கையால் இரண்டை அழுத்தினேன்.