எதிர் எடை

முப்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து
காலடியில் தெரியும் தரையைப் பார்க்கக்
குனிந்தே கிடந்தேன், பத்தொன்பது வருடம்.
கிளைபேதா துறைமுகத்தில் என் கிரேனுக்கு எண் ஏழு.
என் பெயர் ஔத்ரோனே. எங்கள் மொழியில் அதற்குள்
புயல் இருக்கிறது.
புயலடித்தால் முதலில் நிற்பது என் வேலைதான்.
இந்த நகைச்சுவையை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும்
புதிதாகக் கண்டுபிடித்தவன் போலச் சொல்வான்
கீழே நின்று சைகை காட்டும் கின்தௌதாஸ்.

பிப்ரவரியில், ஏணி இறங்கும்போது
இருபத்து மூன்றாம் படியில்
இடுப்பு பிடித்துக்கொண்டது.
மேலும் இல்லை கீழும் இல்லை.
கையுறைமேல் பனித்தூள் விழுந்து விழுந்து உருக
ஒரு மணி நேரம்
அங்கேயே.

மாத்திரை கேட்டேன்.
பிசியோதெரபி செய்யும் பெண் ஒரு தாளைக் கொடுத்தாள்.
அதில் முகமில்லாத ஒரு மனிதன்
நான்கு விதமாகக் கிடந்தான்.
"உங்கள் முதுகு நன்றாக இருக்கிறது.
வயிறுதான் தூங்குகிறது."
ஐம்பத்து மூன்று வயதுவரை
வயிறென்றால் நிரப்ப, இறுக்கமான சட்டையில் மறைக்க
என்றிருந்தவளிடம்.

சமையலறைத் தரையில் முழங்கை ஊன்றி
கால்விரல் ஊன்றி
உடம்பைப் பலகையாக நீட்ட வேண்டும்.
படத்தில் இருப்பவன் பலகை.
நான் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி.
பதினோரு வினாடி.
அடுப்பில் பீட்ரூட் சூப் தளதளக்க
ஸிக்மாஸ் என்னைத் தாண்டிப் போய்
உப்பு எங்கே என்று கேட்டான்.

மறுநாள் பதினான்கு வினாடி.
தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்
உலகம் வேறு மாதிரி இருக்கிறது.
சுவரோடு அறைந்த அலமாரியின் அடியிலிருந்து
ஒரு கறுப்புக் குதிரை என்னைப் பார்த்தது.
சதுரங்கக் குதிரை.
பெரியவன் ஒன்பது வயதில் தொலைத்தது.
தம்பிதான் ஒளித்தான் என்று அவனை அடித்தது.
நானும் ஒன்று வைத்தேன், சின்னவன் முதுகில்.
பிறகு குதிரைக்குப் பதில் ஒரு பாட்டில் மூடி
இருபத்திரண்டு வருடமாக ஆடிக்கொண்டிருக்கிறது.

மல்லாந்து முழங்கால் மடித்தால்
இடுப்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தாள் இருப்பதாக
நினைத்துக்கொள்ள வேண்டுமாம்.
யாரும் உருவ முடியாதபடி அமுக்க வேண்டுமாம்.
மின்கட்டண ரசீதை வைத்துக்கொண்டேன்.
நன்றாக அமுங்குகிறது.

கூண்டில் இன்னும் எளிது.
கப்பலுக்கும் கப்பலுக்கும் இடையில்
பாதங்களைப் பதித்து, நிமிர்ந்து,
தொப்புளை முதுகெலும்புப் பக்கம் இழுத்து
எட்டு எண்ணு. மூச்சைப் பிடிக்காதே.
ஒரு முழங்காலை விரற்கடை தூக்கு. இறக்கு. மற்றது.
என் கிரேனின் பின்புறம் கான்கிரீட் பாளங்கள் தொங்குகின்றன.
மணல்திட்டுக்குப் போகும் படகிலிருந்து
எல்லோரும் முன்கையைத்தான் படம் பிடிக்கிறார்கள்.
பாளங்களைக் கழற்றினால்
அந்தக் கை போய்க் கடலை முத்தமிடும்.
பத்தொன்பது வருடம் அதை முதுகில் வைத்துக்கொண்டு
எனக்குத் தோன்றவே இல்லை.

அக்டோபரில் காற்று இருபத்தொன்றைத் தொட்டது.
வேலை நின்றது. கையைப் பூட்டினேன்.
இறங்கவும் வழியில்லை.
கூண்டு ஆட ஆட எண்ணிக்கொண்டிருந்தேன்.
வாக்கிடாக்கியை அணைக்க மறந்திருக்கிறேன்.
"ஔத்ரோனே, அங்கே பிள்ளை பெறுகிறாயா?"
கின்தௌதாஸ்.
விளக்கினேன். சிரிப்பான் என்று நினைத்தேன்.
வெகுநேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு அவன் மூச்சு, கனமாக, எண்களோடு.
பிறகு நான்காம் எண் கிரேனிலிருந்து யாரோ:
"எட்டா, பத்தா?"

இப்போது நாற்பது வினாடி நிற்கிறேன்.
வலி போயிற்றா என்றால், போகவில்லை,
முன்புபோல் கத்துவதில்லை.

குதிரையைப் படமெடுத்து இரண்டு பேருக்கும் அனுப்பினேன்.
பெரியவன் ஒரு சிரிப்பு அனுப்பினான்.
பெர்கனில் மீன் ஆலையில் இரவு ஷிப்டில் இருக்கும் சின்னவன்
அதிகாலை மூன்று மணிக்கு எழுதியிருந்தான்:
நான் எடுக்கவில்லை என்று
அன்றைக்கே சொன்னேன்.