தானாக எழுதிக்கொண்டது

சேவையை ஏற்றி முடித்ததும்
தன்னைப் பற்றித் தானே ஒரு விவரணை எழுதிக்கொள்ளும்.
யார் கேட்டாலும் நீட்டும்:
இன்னின்ன கேளுங்கள், இன்னின்ன தருவேன்.
பொய் சொல்லத் தெரியாது அதற்கு.
பேர் வைக்கவும் தெரியாது.

கூத்தாநல்லூரிலிருந்து ஜெகபர் நிஷா கூப்பிட்டாள்,
கொள்முதல் நிலையத் தராசுக்கு நிரல் எழுதுகிறவள்.
"ஆர்க் ஜீரோன்னா என்னங்க? ஆர்க் ஒன்னு?"
முதலாவது சிப்பம், அடுத்தது ஈரப்பதம் என்றேன்.
"நான் மாத்தி அனுப்பிட்டேன்.
பதினேழு மூட்டை, நானூத்திப் பன்னெண்டு சதவீதம் ஈரம்.
உங்க சேவை சரின்னுடுச்சு."

அந்த நெல் சாக்கில் நின்றிருக்காது,
வாய்க்காலில் ஓடியிருக்கும்.

கும்பகோணத்தில், பாத்திரக்கடை மாடியில்,
கீழே யாரோ அண்டாவைத் தட்டித் தட்டிப் பார்க்க,
அந்த விவரணையை முதல்முறையாக முழுசாகப் படித்தேன்.
முகவரி என்ற இடத்தில்
லோக்கல்ஹோஸ்ட் என்றிருந்தது.
வழி கேட்டவரிடம் "நம்ம வீடுதான்" என்று சொல்லிவிட்டு
உள்ளே போயிருக்கிறது.

கல்லணை தாண்டினால்
வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு.
இதனிடம் விட்டிருந்தால்
ஆறு பூஜ்யம், ஆறு ஒன்று என்று
கடல்வரை எண்ணிக்கொண்டே போயிருக்கும்.
எந்த மதகைத் தூக்குவது என்று
லஸ்கர் யாரைக் கேட்பார்?

ஒவ்வொன்றின் தலையிலும் குறிப்பு எழுதினேன்.
இது சிப்ப எண்ணிக்கை.
இது ஈரப்பதம், நூறைத் தாண்டாது.
இது கட்டாயம். இது இல்லாமலும் வரலாம்.
முகவரிக்கு, வெளியூர்க்காரர் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு பெயர்.

கடைசியில் நின்றது 'எடைதிருத்து'.
சோதனைக்கு நான் எழுதி, நானே மறந்தது.
அதையும் வரிசையில் நிறுத்தி
ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது,
ரெண்டு சம்பா, நடுவில் ஒரு குறுவை.
'இதைச் சேர்க்காதே' என்று ஒரே ஒரு சொல்.
பட்டியலிலிருந்து போய்விட்டது.

பெயரை எடுத்தால் கதவு சாத்திக்கொள்ளாது,
தெரியும்.
மணி ரெண்டு. விடிந்ததும் பார்க்கலாம் என்று படுத்தேன்.

ஏழு மணிக்குப் போன்.
எந்த நிலையம் என்று சொல்லவில்லை,
ரொம்ப மரியாதையான குரல்.
"மேடம், புது லிஸ்டுல ஒண்ணு விட்டுப்போச்சு போல.
சாயங்காலம் நாங்க அதுலதான் கணக்கை முடிப்போம்."

சரி பார்க்கிறேன் என்று வைத்தேன்.
பல் துலக்கவில்லை.
பதிவேட்டைத் திறந்தேன்.

சாயங்காலம்.
சாயங்காலம்.
போகியன்றுகூட, சாயங்காலம்.