அஞ்சு மணி அக்கா

கொடைக்கானலில் ஞாயிற்றுக்கிழமை
சந்தை விடிவது காலை ஆறுக்கு.
எனக்கு விடிவது மாலை ஐந்துக்கு.

காலையில் கிலோ அறுபது சொன்ன பீன்ஸ்
மத்தியானம் ஐம்பது.
ஏரிப் பக்கமிருந்து மூட்டம் எழுந்து
பஸ் ஸ்டாண்ட் தகரத்தைத் தொடும்போது நாற்பது.
பண்ணைக்காட்டு வண்டிக்காரன்
முதல் ஹாரன் அடித்தானென்றால்
கூறு இருபது, அள்ளிக்கோ.
பனி இறங்க இறங்க விலை இறங்கும் ஊரில்
அவசரப்படுகிறவர்கள் எல்லாரும் பணக்காரர்கள்.

சீசன் முடிந்துவிட்டது.
அந்தோணியின் டாக்ஸி
தூண் பாறைக்குப் போய்ப் பதினோரு நாளாகிறது.
பர்ஸில் இருநூற்று நாற்பது.
அதில் நூறு பால்கார லூர்துக்கு, தொடக்கூடாது.
மீதியில் மூன்று வயிறு, ஏழு நாள்.
ரேஷன் அரிசி இருக்கிறது. பருப்பு அரைக் கிலோ இருக்கிறது.
பாமாயில் பாக்கெட் இன்னும் பிரிக்கவில்லை.
ஆகவே நான் ஏழை இல்லை,
நேரம் பார்த்து வாங்குகிறவள்.

இரட்டைக் கால் முளைத்த கேரட்டை
டூரிஸ்ட் படம் எடுப்பான், சிரிப்பான், வைத்துவிட்டுப் போவான்.
சாம்பாருக்குக் கால் எத்தனை இருந்தால் என்ன?
குருவி கொத்திய பிளம்ஸ்
குருவி ருசி பார்த்துச் சொன்ன பிளம்ஸ்.
பூம்பாறைப் பூண்டில் பொடிப் பல்லாக வாங்கு.
உரிக்க நேரமாகும்; நேரத்துக்கா இப்போது பஞ்சம்,
அந்தோணியை உட்கார வை.
பீட்ரூட்காரனிடம் கிழங்கு கேட்காதே,
அவன் முறித்துப் போடும் தழையைக் கேள்.
"மாட்டுக்கா?" என்பான்.
ஆமாம் என்று சொல்.
கடுகும் வரமிளகாயும் தாளித்து வதக்கினால்
சோறே சிவந்துவிடும்.
என் வீட்டு மாடு
இரண்டாம் தரமும் தட்டை நீட்டும்.

கீழே மூன்று விசில் என்றால் இங்கே ஆறு.
மலைத் தண்ணீர்
சூடேறும் முன்பே கொதித்துக் காட்டி ஏமாற்றும்.
சிலிண்டர் யார் வீட்டுக் காசு?
இரண்டு விசிலோடு அடுப்பை அணைத்து
குக்கரைக் கம்பளியில் சுற்றி
ஜெபின் கட்டிலில் படுக்க வைப்பேன்.
வேகிற வயிற்றில் முதுகைச் சாய்த்து
அவன் வீட்டுப்பாடம் எழுதுவான்.

இந்த ஞாயிறு
ஐந்தே கால் ஆகியும் பேச்சியம்மா விலையை இறக்கவில்லை.
பூக்கடை ஓரம் ஒதுங்கி
குடைக் கம்பியைச் சரிசெய்கிறவள் போல நின்றேன்.
ஹாரன். இன்னொரு ஹாரன்.
தராசைக் கூடைக்குள் போட்டாள், படுதாவை உதறினாள்,
நிமிர்ந்து பார்க்காமலே கூப்பிட்டாள்:
"அஞ்சு மணி அக்கா,
எவ்வளவு நேரந்தான் அந்தக் குடையையே ரிப்பேர் பாப்ப, வாக்கா."

சாக்குக்கு அடியில் தனியாக ஒரு கூறு:
நசுங்கிய பட்டர் பீன்ஸ், நாலு சௌசௌ,
காம்பு போன மரத்தக்காளி.
காலையிலேயே எடுத்து வைத்ததாம்.
மூன்று வருஷமாகவே அப்படித்தானாம்.

நான் என்னவோ
பனியோடு கூட்டுச் சேர்ந்து
ஊரை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக
நினைத்திருந்தேன்.

முப்பது கேட்டாள்.
இருபத்தைந்து என்றேன், பழக்க தோஷம்.
"முப்பதுதான். லக்கேஜ் ஏத்திப்புட்டான்."
கொடுத்தேன்.
நகரும் பஸ்ஸின் ஜன்னலில் தலை நீட்டிக் கத்தினாள்:
"உப்பப் போடாம வேக வையி, அப்பத்தான் வேகும்!"
பஸ் ஸ்டாண்டே திரும்பி என் பையைப் பார்த்தது.
எனக்குத் தெரியாததா?

ராத்திரி கம்பளியைப் பிரித்தோம்.
மூடி திறந்ததும் ஜன்னல் கண்ணாடியில்
உள்பக்கம் ஒரு மூட்டம்.
சுட்ட மரத்தக்காளிச் சட்னி,
பூண்டு நசுக்கிப் போட்ட பீன்ஸ்.
ஒன்றரை மணி நேரம் உரித்த கதையை
அந்தோணி இரண்டாம் முறை சொன்னான்.
"இன்னைக்கு என்னம்மா விசேஷம்?" என்றான் ஜெபின்.
ஞாயிற்றுக்கிழமை, என்றேன்.

உப்பைக் கடைசியில்தான் போட்டேன்.